சிலுவை: சுமப்பதா, சுமத்துவதா?

கீழ்புத்துப்பட்டு தொடங்கி மரக்காணம் வரையிலான கடற்கரையில் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி யார் பேசினாலும், மேடையிலும் சரி, செய்தியிலும் சரி, ‘வாழ்க்கை எனும் சிலுவையைச் சுமக்கிறார்கள்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியில் சுமப்பவர் மட்டுமே இருக்கிறார், சுமத்தியவர் இல்லை. தலித் மக்களின் துயரத்தைச் சொல்ல இந்தச் சொல்லை எடுக்கும்போது அதன் பொருளை நாம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

‘சிலுவை’ தமிழில் பிறந்த சொல் அல்ல. சிரியாக் மொழியின் ‘ஸ்லீபா’விலிருந்து வந்தது. பின்னர் போர்த்துக்கீசியர் வழியாகக் ‘குருசு’ வந்தது; தென்கடலோரத்தின் ‘குருசடி’யில் அது இன்றும் இருக்கிறது. இதோடு சேர்ந்த ‘அறைதல்’ நம் சொல். ஆணி அறைவது, கன்னத்தில் அறைவது, பறை அறைவது எல்லாம் அதுதான். அறைபவர் ஒருவர் இல்லாமல் அந்த வினை நடக்காது. சிலர் சிலுவையேற்றத்தையும் கழுவேற்றத்தையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். கழு என்பது உடலில் செருகும் கூர்முனை. சிலுவை என்பது ஆளைக் கட்டியோ ஆணி அடித்தோ தொங்கவிட்டு, ஊர் பார்க்க மெல்லச் சாகவிடும் மரம்.

ரோமானியப் பேரரசில் இது எல்லோருக்குமான தண்டனை அல்ல. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் எழுச்சி முறியடிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோம் வரையிலான பெருஞ்சாலை நெடுகிலும் சிலுவையில் அறைந்தார்கள். மறு ஆண்டே, ரோமானியக் குடிமகன் ஒருவனைச் சிலுவையில் அறைந்ததற்காக ஓர் ஆளுநரை சிசரோ கடுமையாகச் சாடினார். குடிமகனுக்குச் செய்ததுதான் அவருக்குக் குற்றமாகப்பட்டது. அடிமைக்குச் செய்தது வழக்கம். பிறப்பையும் நிலையையும் பார்த்து வழங்கப்பட்ட தண்டனை இது. குறுக்கு மரத்தைத் தூக்கி நடக்க வைத்ததும் அந்தத் தண்டனையின் ஒரு பகுதி. ஆகவே ‘சுமந்தார்’ என்பது பாதி உண்மை. ‘சுமத்தினார்கள்’ என்பதே முழு உண்மை.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன், 2011-இல் வெளியான தம் நூலில், சிலுவையையும் கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் தூக்கிலிட்ட மரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அதற்கு முன்பே, 1980-களின் தொடக்கத்தில், அரவிந்த் நிர்மல் போன்றோர் இங்கே தலித் இறையியலைப் பேசத் தொடங்கிவிட்டனர். இருவரும் கேட்டது ஒரே கேள்வி: அறைந்தது யார்?

அந்தக் கேள்வியை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவருவோம். 2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா நடந்த நாள். அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. ‘மோதலில் வீடுகள் தீக்கிரையாயின’ என்று சொல்வது நம் செய்தி வழக்கம். தீ தானாக வந்து தின்றதுபோல் இருக்கிறது அந்த வாக்கியம். இன்னார்தான் எரித்தார் என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ‘எரித்தார்கள்’ என்று எழுத எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

சட்டத்திலும் ஒரு சிலுவை இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருகிறார்.

இதனால் சிலுவையே சாட்சிப் பொருளாகிவிட்டது. இராமநாதபுரத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி மருத்துவர் ஒருவர் கிறிஸ்தவரை மணந்திருந்தார். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதைக் கண்ட அதிகாரிகள் அவர் மதம் மாறிவிட்டதாக முடிவுகட்ட, சாதிச் சான்றிதழ் ரத்தானது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்து, அதிகாரிகளின் குறுகிய மனப்பான்மையையும் கண்டித்தது. ஆனால் கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும் வருகிற புதுச்சேரியின் பெண் ஒருவர், எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தொடர்ந்த வழக்கு வேறுவிதமாக முடிந்தது. அவர் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றதையும் தேவாலயம் சென்று வருவதையும் சுட்டி, 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றும் கூறியது. சாதி எங்கே போனது என்ற கேள்வி அங்கே பின்னுக்குப் போய்விட்டது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பதே முன்னுக்கு வந்தது.

மதம் மாறினால் சாதி போய்விடுமா? சென்னையில் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி, தன் தொழிலைச் செய்யும் மற்றவர்களுக்குக் கிடைத்த அரசுப் பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதாக வழக்குப் போட்டார். மாறிய மதத்திலும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என 1985-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரூபணத்துக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அன்று நம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே திருச்சபையைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவர்கள் சமமாக நடத்தப்படாததால் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

ஆக, தலித் கிறிஸ்தவரின் தோளில் இரு கைகள் பாரத்தை ஏற்றியிருக்கின்றன. ஒன்று அரசின் கை. இன்னொன்று, சிலுவையை வணங்கிக்கொண்டே சாதியைக் கைவிடாத சபையின் கை. ‘சுமப்பது பாக்கியம்’ என்று போதிப்பதில் சபைக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்தப் போதனை, தன் கை எங்கே இருக்கிறது என்ற கேள்வியை எழவிடாது. தன் விருப்பத்தோடு பிறருக்காகத் துன்பத்தை ஏற்பவரை நாம் குறை சொல்லவில்லை. அது அவர் எடுத்த முடிவு. மூன்றாம் பத்தியையும் பிரித்த கல்லறையையும் யாரும் விரும்பி ஏற்கவில்லை.

உப்பளத்துக்கும் இதே அளவுகோல்தான். பாத்தியில் கால் வெடிப்பதும், மழை மாதங்களில் வேலை நின்றுபோவதும் தலைவிதி என்றால் யாரிடமும் கேள்வி கேட்க வேண்டாம். சுமத்தப்பட்டது என்றால் கேள்விகள் வரிசையாக வரும்: கூலியைத் தீர்மானிப்பது யார், நிலத்தைக் குத்தகைக்கு விடுவது யார், காலுறையும் கண்ணாடியும் தர வேண்டியவர் யார், வேலையில்லா மாதங்களுக்குப் பொறுப்பு யாருடையது?

மனிதர்கள் சுமத்தியதை மனிதர்களே இறக்கவும் முடியும். அந்த மூன்றாம் பத்தியை நாடாளுமன்றம் ஏற்கெனவே இருமுறை திருத்தியிருக்கிறது. அதை நீக்கிவிடலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி தர வேண்டும் எனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-இல் தீர்மானம் நிறைவேற்றியது. கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை 2022 அக்டோபரில் ஒன்றிய அரசே அமைத்தது. தேவைப்படுவது மூன்றாவது திருத்தம் ஒன்றுதான். அதைக் கேட்கும்போது ‘சிலுவை சுமக்கும் மக்கள்’ என்று இரக்கம் தேட வேண்டாம். ‘எங்கள் மேல் சுமத்தியிருக்கிறீர்கள், இறக்குங்கள்’ என்று, எழுவாயோடும் பயனிலையோடும் கேட்போம்.