ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பெட்டியைப் பிரித்தாரா?

ரூட்டர் வாங்கப் போகிறேன் என்றால் வீட்டில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஏன், வைஃபைக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். இணையத்தில் தேடினாலும் முதல் இரண்டு பக்கங்களுக்கு ஆன்டெனா முளைத்த கறுப்புப் பெட்டிகளே வருகின்றன. நான் சொல்வது தச்சு வேலைக்கான ரூட்டர். ஒரு மோட்டார், அதன் அடியில் வேகமாகச் சுழலும் ஒரு பிட், அவ்வளவுதான் கருவி. ஆனால் பலகையின் கூர் விளிம்பை உருட்டுவது, காடி எடுப்பது, ஒரே வடிவத்தைப் பத்துப் பலகைகளில் அச்சு மாறாமல் வெட்டுவது என்று உளியும் இழைப்புளியும் நாள் முழுக்கச் செய்யும் வேலையை இது நிமிடங்களில் முடித்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் நான் பொருள் வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பட்டறையில் நல்ல ரூட்டர்கள் இருந்தாலும் விடுமுறையில் பட்டறை பூட்டியிருக்கும். அதனால் நாங்கள் நால்வர் ஆளுக்கு 70 வெள்ளி போட்டு ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம். மொத்தம் 280 வெள்ளி. பகுதிநேர வேலையில் சம்பாதித்த பணம் என்பதால் யாருக்கும் அது சின்னத் தொகை இல்லை. நம் தலைமுறைக்குப் பொருள் வாங்கும் வழி ஒன்றுதான் தெரியும்: நட்சத்திர வரிசைப்படி அடுக்கு, மேலே இருப்பதை வாங்கு. கைப்பேசி உறைக்கு அது சரி. நிமிடத்திற்கு 30,000 முறை சுழலும் கத்திக்கு அது போதாது என்பதே என் கருத்து.

நாங்கள் பார்த்தவற்றில் 39 வெள்ளி ரூட்டர் ஒன்றுக்கு 4.9 நட்சத்திரம் இருந்தது. பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் ரூட்டருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, விலையோ ஐந்து மடங்கு. அந்த 4.9க்குக் கீழே இருந்த பின்னூட்டங்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். "சீக்கிரம் வந்தது." "நன்றாகச் சுற்றி அனுப்பியிருந்தார்கள்." "இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது." பெரும்பாலானவை இந்த வகைதான். இவை ரூட்டருக்குக் கிடைத்த நட்சத்திரங்கள் அல்ல, அதைக் கொண்டுவந்து கொடுத்த அண்ணனுக்குக் கிடைத்தவை. படம் சேர்த்துப் பின்னூட்டம் எழுதினால் அடுத்த முறை கழித்துக்கொள்ள நாணயப் புள்ளிகள் கிடைக்கும். அதனால் பொருள் கைக்கு வந்த அன்றே, பல நேரம் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல், படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரே பக்கத்தில் ரூட்டர், பிட் தொகுப்பு, மாற்று மோட்டார் பிரஷ், பிளாஸ்டிக் அடித்தட்டு என்று பல தெரிவுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரி. மூன்று வெள்ளிக்குப் பிரஷ் வாங்கி மகிழ்ந்தவரின் ஐந்து நட்சத்திரமும் ரூட்டரின் கணக்கில்தான் ஏறுகிறது.

என் பெரியப்பா ஜொகூரின் மூவார் நகரில் தளவாடத் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். மலேசியாவில் தளவாடத்துக்குப் பெயர்போன ஊர் அது. இந்தப் பின்னூட்டங்களை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசினேன். "ஏம்மா, இதை எழுதினவங்க இந்த மெஷின வெச்சு எத்தனை பலகை வெட்டினாங்கன்னு போட்டிருக்காங்களா?" என்றார். தேடிப் பார்த்தேன். அப்படி எழுதியவர் ஒருவர்தான், அதுவும் மலாய்மொழியில், இரண்டே வரி. மூன்று மாதமாக நியாத்தோ மரத்தில் விளிம்பு வேலை செய்கிறார், இப்போது பேரிங்கில் சத்தம் வரத் தொடங்கிவிட்டது. கொடுத்திருந்தது மூன்று நட்சத்திரம். எனக்கு அந்தப் பக்கத்தில் கிடைத்த உருப்படியான தகவல் அது ஒன்றுதான்.

பெரியப்பா முதலில் பார்க்கச் சொன்னது மோட்டாரை அல்ல, கோலட்டை. பிட்டின் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் சிறிய உலோகக் கவ்விக்குத்தான் அந்தப் பெயர். ரூட்டரின் உயிரே அதில்தான் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் கிடைக்கும் அளவுகள் 6 மி.மீ., 8 மி.மீ., கால் அங்குலம், அரை அங்குலம். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதனால் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டைக் கால் அங்குலக் கோலட்டில் போட்டால் 0.35 மி.மீ. இடைவெளி இருக்கும். நட்டை முறுக்கினால் இறுகியதுபோலத்தான் தெரியும், ஆனால் சுழலும்போது பிட் நழுவி வெளியே வரலாம். 25 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்திற்கு 30,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறது. நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகவரம்பே 90 கிலோமீட்டர்தான். இதைப் பற்றி எந்த ஐந்து நட்சத்திரமும் எச்சரிக்கவில்லை. "எந்த பிட்டும் பொருந்துகிறது, அருமை!" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

நட்சத்திரங்களின் மறுமுனையையும் அப்படியே நம்பிவிட முடியாது. "கையிலிருந்து துள்ளி ஓடுகிறது, ஆபத்தான இயந்திரம்" என்று ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் சிலர் இருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். பலகையின் வெளிவிளிம்பை வெட்டும்போது ரூட்டரைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். அப்போதுதான் பிட் மரத்தை எதிர்த்து வெட்டும். மாற்றி நகர்த்தினால் பிட் ஒரு சக்கரம்போல மரத்தின் மேல் ஏறி ஓடப் பார்க்கும். துள்ளியது இயந்திரத்தின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். அதேபோல "மரத்தைக் கருக்கிவிடுகிறது" என்ற புகாருக்கும் பல நேரம் காரணம் மழுங்கிய பிட்டோ, ஓரிடத்தில் தயங்கி நின்ற கையோதான். கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் கருவியைப் பற்றிய கருத்தை எடைபோட முடிகிறது. தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்கு எழுத, அதன் சராசரியைத் தளம் ஒரு தசம எண்ணாக்கி நம்மிடம் நீட்டுகிறது.

காணொளி விமர்சகர்களில் பலர் அமெரிக்கர்கள். அறிவாளிகள், அழகாகப் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது 120 வோல்ட்டில் ஓடும் இயந்திரம், நமக்கு வருவது 230 வோல்ட்டுக்கானது. மாதிரி எண் ஒன்றுபோல இருந்தாலும் கடைசி எழுத்து மாறும், பெட்டியில் வரும் கோலட்டும் மாறலாம். அவர்கள் வெட்டிக்காட்டுவது பைன் மரம், நான் வெட்டப்போவது ரப்பர் மரமும் நியாத்தோவும். நேர்மையான சாட்சிதான், ஆனால் வேறொரு வழக்குக்கு. சிலருக்குக் கருவி இலவசமாக வருகிறது, கீழே இருக்கும் இணைப்பு வழியாக நாம் வாங்கினால் தரகும் கிடைக்கிறது. அதனால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். போன வாரம் வந்த கருவியைப் பற்றி இந்த வாரம் பேசுகிறவருக்கு அடுத்த ஆண்டு அது எப்படி இருக்கும் என்று தெரிய வழியில்லை, அதுதான் சிக்கல். நான் அந்தக் காணொளிகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஆழத்தை அமைத்த பிறகு அது அசையாமல் நிற்கிறதா, வெட்டிய பள்ளத்தின் அடி சமமாக இருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும்.

வாட் கணக்கு இன்னொரு வேடிக்கை. நம் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 2,990 வாட்தான் எடுக்க முடியும். ஒரு கையில் அடங்கும் சிறிய ரூட்டருக்கு '3,000 வாட்' என்று போட்டிருந்தார் ஒரு விற்பனையாளர். ஒப்பிட்டுப் பார்க்க, மக்கீட்டாவின் ஆர்டி0700சி என்ற சிறிய ரூட்டருக்கு அந்நிறுவனமே சொல்வது 710 வாட். "3,000 வாட் சக்தியை உணர முடிகிறது" என்று ஒருவர் பின்னூட்டம் எழுதியிருந்தால், அவர் விளம்பரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

"ஆயிரம் பேர் சொன்னால் அதில் உண்மை இருக்காதா?" என்று குழுவில் ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆயிரம் பேர் சொன்னால் விற்பனையாளர் பொருளை அனுப்புகிறார், பெட்டி உடையாமல் வருகிறது, கருவி சுழல்கிறது என்பது உறுதி. அதுவும் ஒரு தகவல்தான், எட்டுப் பேர் கொடுத்த முழு ஐந்தைவிட இரண்டாயிரம் பேர் கொடுத்த 4.6ஐ நானும் நம்புவேன். ஆனால் ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்பது அந்த ஆயிரத்தில் இல்லை. அப்போது பழுதாகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்து எழுதுவதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போலிப் பின்னூட்டங்களும் இருக்கின்றன. 2024ல் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம், வாடிக்கையாளர்கள் பெயரில் போலியாக ஐந்து நட்சத்திரங்களைப் பதிவிட்ட கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின்மீது நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிலும் போலி விமர்சனங்களைத் தடைசெய்யும் விதி நடப்புக்கு வந்தது. இவை தேவையானவையே. ஆனால் காசுக்கு எழுதப்படும் பொய்யைவிட நாணயப் புள்ளிக்கு எழுதப்படும் அவசரம்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் வராது. ஏனென்றால் அதை எழுதுவது நானும் நீங்களும்தான். நம் வகுப்பறையிலேயே பாருங்கள், பெட்டி வந்ததும் பிரிக்கும் முன்பே "நல்ல பொருள்" என்று தட்டிவிடுகிறவர்கள் எத்தனை பேர்! இருபது காசு தள்ளுபடிக்கு நாம் தரும் அந்தச் சாட்சியத்தை நம்பி, இன்னொரு மாணவர் ஒரு கத்தியை மோட்டாரில் மாட்டிக் கையில் பிடிக்கிறார். எழுத ஒன்றும் இல்லை என்றால் எழுதாமல் விடலாம். எழுதினால் என்ன மரம், எந்த பிட், எத்தனை வாரம் என்ற மூன்றையும் எழுதலாம், ஒரே வரியில் அடங்கிவிடும்.

நாங்கள் கடைசியில் ஜாலான் புசார் பக்கம் இருக்கும் வன்பொருள் கடை ஒன்றுக்கே போனோம். இணையத்தைவிட விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கோலட் நட்டை நாங்களே கழற்றி மாட்டிப் பார்க்க முடிந்தது. ஆழப் பிடியை இறுக்கிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினோம், இறங்கவில்லை. வேகத்தை மாற்றும் சக்கரம் இருப்பதாகப் பார்த்து எடுத்தோம், பெரிய பிட்டுகளை மெதுவாகத்தான் சுழற்ற வேண்டும் என்பதால். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குக் கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்துக் காட்டினார். உள்ளூர்க் கடையில் வாங்குவதால் இன்னொரு வசதியும் உண்டு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' எனப்படும் விதிகளின்படி, ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த குறை என்றே பொதுவாகக் கருதப்படும், இல்லை என்று நிறுவவேண்டியது விற்றவரின் பொறுப்பு. கடல் கடந்த விற்பனையாளரிடம் இதைப் பேசிப் பாருங்கள்!

ரூட்டர் 212 வெள்ளி, கால் அங்குலத் தண்டுள்ள இரண்டு பிட்டுகள் 34 வெள்ளி. மீதம் 34 வெள்ளி. பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பு, தூசிக்கான முகக்கவசம் மூன்றும் அதற்குள் வர வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருப்பதால் முகக்கவசத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதை எங்கே வாங்குவது என்று நால்வரில் ஒருத்தி இப்போது இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள், மூன்று நட்சத்திரப் பின்னூட்டங்களிலிருந்து தொடங்கி.