கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு

யூலை வந்தால் உங்களில் பாதிப் பேர் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் பறந்துவிடுவீர்கள். எங்காவது ஒரு வண்ணமீன் கடையில், பிளாஸ்டிக் பேசினுக்குள் பச்சை ஆமைக் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். இருபது குரோணர் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. "அம்மா, ஒன்று வாங்கித் தாங்கோ" என்று கேட்கத்தான் வரும். நானும் கேட்டவன்தான்.

2003ஆம் ஆண்டு. சென்னையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். வண்ணமீனுக்குப் பேர்போன கொளத்தூரில் இரண்டு குஞ்சுகள் வாங்கினோம். "இவ்வளவுதான் வளரும்" என்றார் கடைக்காரர். ஐஸ், கிறீம் என்று பெயர் வைத்தோம். ஆறு கிழமை விளையாடிவிட்டு நாங்கள் துரொண்ட்ஹெய்முக்குத் திரும்பிவிட்டோம். ஆமைகள் சித்தியின் குளியலறை வாளியில் இருந்தன, சோறும் அவித்த இறாலும் தின்றுகொண்டு.

ஐஸ் அடுத்த வருடமே செத்தது. கண் வீங்கி, ஓடு மெத்தென்று ஆகிவிட்டதாம். கிறீம் சாப்பாட்டுக் கோப்பை அளவு வளர்ந்தது. நாற்றம் தாங்காமல் சித்தப்பா அதைக் கோயில் குளத்தில் விட்டார். புண்ணியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் பழைய படம் ஒன்றைப் பார்த்து அது என்ன ஆமை என்று தேடினேன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, தோலில் மஞ்சள் கோடுகள்: சிவப்புக்காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கம். பெண் ஆமை 25 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும், 30 வருடம்கூட உயிரோடு இருக்கும். வெளியே விட்டால் உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயும் பரப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அதை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்தது. திருச்சி விமான நிலையத்தில் 2023இல் ஒரே தடவையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிடிபட்டன. கடைப் பேசினுக்கு வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

கடைக்காரரைத் திட்டுவது சுலபம். என் கோபம் விடுமுறைக்குப் போகும் எங்கள்மேல். வாங்குவது நாங்கள், வாளி கழுவுவது சித்தி. ஒருநாளும் தண்ணீர் மாற்றப்போகாத ஆளுக்கு ஆமை வாங்கும் உரிமை இல்லை என்பதுதான் என் கட்சி.

கடையில் வேறு ஆமைகளும் இருக்கலாம். கறுப்பு மேட்டு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்திருந்தால் அது நட்சத்திர ஆமை. தரையில் வாழ்வது, ஆழத் தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும். தட்டையான, தோல்போன்ற ஓடு என்றால் பாலாமையாக இருக்கலாம். இந்த இரண்டும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பையில் ஒளித்து இங்கே கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். 1970களில் இருந்து ஊர்வன வளர்க்கத் தடை இருந்த நாடு நோர்வே. 2017இல் 19 இனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. சிவப்புக்காது ஆமை அதில் இல்லை.

சரி, ஏற்கெனவே வாங்கிச் சித்தியிடமோ அன்ரியிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள் என்ன செய்வது? இன்றைக்கே வட்ஸ்அப்பில் ஒரு படம் கேளுங்கள், கண்ணின் பின்பக்கம் தெரியவேண்டும். சிவப்புக்காது என்றால் முதல் தேவை வெயில். எங்களுக்கு இருட்டுக் காலத்தில் அம்மா மீனெண்ணெய் பருக்குவாரே, அதே கதைதான். விற்றமின் டி இல்லாமல் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேராது. ஏறிக் காய ஒரு கல், பக்கத்தில் நிழல். கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் உதவாது. வெயில் இல்லாத வீட்டுக்கு யூவிபி விளக்கு வேண்டும், அந்தக் காசை நீங்கள் அனுப்புங்கள். சோற்றை நிறுத்தி ஆமைக் குளிகையும் கீரையும் கொடுக்கச் சொல்லுங்கள். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லீற்றர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லீற்றர், வடிகட்டியோடு. தொட்டபின் சோப் போட்டுக் கை கழுவவேண்டும், சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். சின்னப் பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்றால் விலங்கு மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கேட்கச் சொல்லுங்கள். குளத்துக்கு மட்டும் வேண்டாம். போன வருடம் அந்தக் கோயிலுக்குப் போனேன். படிக்கட்டில் நாலைந்து ஆமைகள் வெயில் காய்ந்தன. நான் கிட்டப் போக முதலே எல்லாம் தண்ணீருக்குள் விழுந்துவிட்டன.