விதியா, தரகனா?

மனிதனை மனிதன் விற்பதைக் காணும்போதெல்லாம் "அவன் தலைவிதி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். விதிக்குத் தரகுப் பணம் உண்டா என்று கேட்கின்றோம்.

1743-ல் இதே புதுவையில் ஏழைகளை ஏய்த்துப் பிடித்து அடிமைகளாய்க் கப்பலேற்ற அடைத்து வைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1848-ல் பிரெஞ்சு சர்க்கார் அடிமைத்தனத்தை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டாமா? "ஒப்பந்தக் கூலி" என்று பெயரை மாற்றி, புதுவையிலும் காரைக்காலிலும் ஆள் சேர்த்து ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் அனுப்பினார்கள். கைநாட்டு வைத்தவனுக்குக் காகிதத்தைப் படித்துச் சொன்னவர் யார்? கடல் தாண்டினால் சாதி கெடும் என்ற சாஸ்திரம் ஒரு கப்பலையாவது தடுத்ததா?

பிரிட்டிஷ் இந்தியாவில் 1917-ல் இம்முறை நின்றதற்குப் பெருங்காரணம் பூஜையல்ல. கூட்டம் போட்டுக் கண்டித்த பொதுஜனங்களே.

இன்று மட்டும் என்ன? வேலை என்று ஆசை காட்டப்பட்டு மியான்மரின் மியாவாடியில் அடைபட்ட தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்படவில்லையா? அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு ஆள் விற்பனையைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் வீடு வீடாய் நடந்து வராது. நாம்தான் நடக்க வேண்டும்.

ஆகவே, வாலிபர் சங்கமும் மாதர் சங்கமும் படிப்பகமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். ஊருக்குள் வரும் தரகன் யார், பதிவு பெற்றவனா, எந்த நாடு, என்ன கூலி என்று எழுதட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டட்டும். குழந்தை காணாமற்போனால் ஜோசியனிடம் ஓடாமல் போலீசுக்கும் 1098-க்கும் சொல்லட்டும்.

இதுகூடச் செய்யாத சங்கம் எதற்கு? ஆண்டு விழாவில் மாலை போட்டுக்கொள்ளவா?