தீக்காயத்தில் தோசை மாவா? தீ அணைந்த பிறகுதான் பெரிய ஆபத்து!

கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிடுச்சு. நம்ம வீடுகளில் அடுத்து என்ன நடக்கும்? ஒருத்தர் டூத்பேஸ்ட் எடுத்து வருவார், இன்னொருத்தர் தோசை மாவு, பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள். குழாயைத் திறக்கச் சொல்ல மட்டும் ஆள் இருக்காது. இதை ‘பாட்டி வைத்தியம்’ என்று சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாது.

ஏன் ஆபத்து?

கிருமிகளைத் தடுக்கும் மதில் சுவர் நம் தோல். ஆழமாக வெந்த இடத்தில் அந்தச் சுவரே இல்லை. மிஞ்சுவது ஈரமும் புரதமும் நிறைந்த செத்த திசு. பாக்டீரியாவுக்கு அது விருந்து. முதலில் தோலிலேயே வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் பெருகும். சில நாட்களில் சூடோமோனாஸ் வந்துவிடும். ரத்தக் குழாய்களும் கருகிவிடுவதால் மாத்திரை, ஊசி மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. கிருமி ரத்தத்தில் கலந்தால் செப்சிஸ். தீயிலிருந்து தப்பி வார்டு வரை வந்தவர்கள் பிறகு இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

“மஞ்சள் கிருமிநாசினிதானே?” என்று கேட்கலாம். சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டது இல்லை. போதாததற்கு, காயத்தின் ஆழத்தை டாக்டர் பார்க்க முடியாதபடி நிறத்தையும் மாற்றிவிடும்.

‘எதுக்கும் இருக்கட்டும்’ மாத்திரை

மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இன்னொரு சிக்கல். தொற்று வரும் முன்பே சாப்பிட்டால் பலவீனமான கிருமிகள் சாகும். மருந்துக்கு அடங்காதவை தங்கிப் பெருகும். கார்பபெனம் மருந்துக்கே கட்டுப்படாத சூடோமோனாஸை 2017-லேயே உலக சுகாதார அமைப்பு மிக அவசரப் பட்டியலில் வைத்தது. டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

* ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம்.
* வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள்.
* கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.
* முகம், கை, மூட்டு, குழந்தைகள், மின்சாரம் என்றால் உடனே மருத்துவமனை.

இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைவதாகச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. இவ்வளவு பேரைத் தொடும் விஷயத்தில் முதலுதவியை வாட்ஸ்அப் ஃபார்வர்டிடம் விட்டுவைக்கக் கூடாது. பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும். அதுவரை, இன்றைக்கே உங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு வரி போடுங்கள்: “சுட்டுக்கிட்டா முதல்ல தண்ணி.”