கேன்யனுக்கு உங்கட மட்டம் தெரியாது

ஸ்காபரோவில இருக்கிற மச்சான் போன கிழமை குடும்ப வட்ஸ்அப் குறூப்பில ஒரு வொய்ஸ் போட்டிருந்தார். ஓகஸ்ட் லீவுக்கு லாஸ் வேகஸ் போறாராம், அங்கிருந்து யூட்டா. கேன்யனியரிங் ட்ரிப் ஒண்டு புக் பண்ணியாச்சு. பெரியம்மா பயப்பட, அவர் சொன்ன பதில் இது: “ஆரம்பநிலை ஆக்களுக்கான ட்ரிப்தான் அம்மா, வழிகாட்டியும் வாறார். ஒண்டும் நடக்காது.”

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. மச்சானுக்கு எதிரானதல்ல. அந்த வசனத்தை அவருக்கு விற்றவர்களுக்கு எதிரானது.

தெற்கு யூட்டாவில் ட்ரிப் விற்கிற பக்கங்களைத் திறந்து பாருங்கள். எங்கட ஊர் டியூசன் நோட்டீஸ் மாதிரித்தான் இருக்கும். ஆரம்பநிலை, இடைநிலை, தேர்ச்சி பெற்றோர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு நேரம், சிரித்துக்கொண்டு கயிற்றில் தொங்குகிற ஒரு குடும்பம். நீங்கள் உங்கட மட்டத்தைத் தெரிவுசெய்தால் போதும், உங்களுக்கு அளவான ஆபத்தை வெட்டித் தைத்துத் தருவார்கள் என்பதுதான் அதன் பொருள். அப்படி ஒரு தையற்கடை பாலைவனத்தில் இல்லை.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கிற மணற்கல் மேடுகளில், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரிலும் முட்டுகிற அளவுக்கு ஒடுங்கிய வெட்டுகள் இருக்கின்றன. அதற்குள் நடந்து, நீந்தி, வழுக்கி, கயிற்றில் இறங்கிக் கீழே வருவதுதான் கேன்யனியரிங். அந்த வெட்டுகளை உண்டாக்கியது நீர். எப்போதோ ஒருகாலத்தில் ஓடி முடிந்த ஆறு அல்ல. இன்றைக்கும் ஒவ்வொரு கோடையும் வருகிற திடீர் வெள்ளம். அந்த நிலத்தில் மழையைப் பிடித்துவைக்க மண்ணும் இல்லை, மரமும் இல்லை. வெறும் பாறை. சீமெந்துத் தரையில் வாளித் தண்ணியை ஊத்தினமாதிரி, மேட்டில் விழுகிற மழை முழுக்கப் பள்ளத்துக்குப் போகும். அந்தப் பள்ளத்தின் அடியில் நீங்கள் தலைக்கவசத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

படங்களில் பார்த்திருப்பீர்களே, செம்மஞ்சள் நிறத்தில் திரைச்சீலை மாதிரி வளைந்த பாறை, நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று? அது அரிசோனாவில் நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிற அன்டிலோப் கேன்யன். மேல் அன்டிலோப்புக்கு நவஹோ மொழியில் இருக்கிற பெயரின் பொருள், பாறைகளுக்கூடாக நீர் ஓடும் இடம். உல்லாசப் பயணி அந்த இடத்தை ஒரு மானின் பெயரால் கூப்பிடுகிறான். அங்கேயே வாழ்கிற சனம் பெயரிலேயே எச்சரிக்கையை எழுதி வைத்திருக்கிறது.

சரி, மட்டத்துக்கு வருவோம். கேன்யன்களைத் தரம் பிரிக்க அமெரிக்காவில் ஒரு முறை இருக்கு. 1 முதல் 4 வரை ஒரு இலக்கம், அது ஏறி இறங்குவது எவ்வளவு கஷ்டம், கயிறு வேணுமா என்று சொல்லும். ஏ, பி, சி என்று ஒரு எழுத்து, அது தண்ணீரைப் பற்றியது. பிறகு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு ரோம இலக்கம். நல்ல முறைதான், நான் குறை சொல்லேல்லை. ஆனால் அது கேன்யனின் வழக்கமான நிலையைத்தான் சொல்லும். இன்றைக்கு என்ன நிலை என்று சொல்லாது.

ஒரு உதாரணம். இந்தக் கேன்யன்களின் அடியில் கிணறு மாதிரிக் குழிகள் இருக்கும். குழி நிரம்பித் தண்ணீர் நின்றால் நீந்திப்போய் விளிம்பைப் பிடித்து ஏறிவிடலாம், சின்னப் பிள்ளையும் செய்யும். அதே குழியில் தண்ணீர் பாதியாக வற்றியிருந்தால்? கால் நிலத்தில் முட்டாது, கை விளிம்புக்கு எட்டாது, சுவர் வழுக்கும். வெயில் படாத தண்ணீர், கோடையிலும் குளிர் எலும்புக்குள் போகும். பாலைவனத்தில் குளிரால் உடல் விறைத்துச் சாகலாம் என்பதை எத்தனை பேர் நம்புவோம்? அதே குழிதான், புத்தகத்தில் அதே தரம்தான். போன மாதம் விளையாட்டு, இந்த மாதம் பொறி.

இன்னொரு விஷயம். முதலாவது இறக்கத்தில் இறங்கி, கயிற்றைக் கீழே இழுத்து எடுத்த பிறகு திரும்பி ஏற முடியாது. முன்னுக்கு மட்டும்தான் போகலாம். “எனக்குப் பயமா இருக்கு, நான் வரேல்லை” என்று சொல்லும் உரிமை அந்தக் கயிற்றோடு சேர்ந்து கீழே விழுந்துவிடுகிறது. இதை மூன்று பெட்டிகளில் எந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறார்கள்?

இப்போது மூன்று சம்பவங்கள்.

2015 செப்டெம்பர் 14. யூட்டாவின் சயன் தேசியப் பூங்காவில் கீஹோல் என்றொரு கேன்யன். சின்னது, குட்டையான இறக்கங்கள், புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பொருத்தம் என்று பெயர் எடுத்தது. அன்றைக்கு ஏழு பேர் அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் போனார்கள். பூங்கா வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் அறிவிக்கும், அன்றைக்கு மூன்றாவது படி. அனுமதியை எடுத்துக்கொண்டு அவர்கள் வெளிக்கிட்ட பிறகு, பிற்பகலில், வெள்ள எச்சரிக்கை வந்தது. அதை அவர்களுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அன்றைக்கே, அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற ஹில்டேல் என்ற சின்ன ஊரில் இரண்டு வாகனங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பெண்களும் பிள்ளைகளுமாய் 13 உயிர்கள். அவர்கள் சாகசத்துக்குப் போனவர்கள்கூட இல்லை.

1997 ஓகஸ்ட் 12. கீழ் அன்டிலோப். அந்த இடத்தில் மழை பெய்தது என்று சொல்லவே முடியாது. பல மைல் தள்கி மேட்டில் பெய்த இடிமழை கேன்யனுக்குள் வந்தது. அப்போது அங்கே இருந்தவை மர ஏணிகள், அவையும் போய்விட்டன. 11 பேர் இறந்தார்கள், கனபேர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் வழிகாட்டியோடு வந்தவர்கள். உள்ளே அகப்பட்டவர்களில் உயிரோடு வெளியே வந்தது அந்த வழிகாட்டி மட்டும்.

மூன்றாவது உங்களுக்குத் தெரிந்த கதை. 2003 ஏப்ரலில் புளூஜோன் கேன்யனில் ஆரன் ரால்ஸ்டனின் வலது கை ஒரு பாறாங்கல்லுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டியது. ஐந்து நாளுக்குப் பிறகு மொட்டைக் கத்தியால் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். 2010இல் டேனி பொயில் அதை ‘127 அவர்ஸ்’ என்று படமாக்கினார். ரஹ்மான் இசை என்பதற்காகவே நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன பேசினோம்? மனவுறுதி. தன்னம்பிக்கை. இன்றைக்கும் மோட்டிவேசன் ரீல்ஸ்களில் அந்தக் கைதான். ஆனால் ரால்ஸ்டன் அனுபவம் உள்ள மலையேறி. மூன்றாவது பெட்டிக்காரன். அந்தக் கல் அவருடைய சேர்ட்டிபிக்கற்றைக் கேட்கவில்லை. அவர் செய்த பிழை சின்னப் பிழை. எங்கே போறன் என்று ஒருத்தருக்கும் சொல்லாமல் போனது. அதைத்தான் நாங்கள் வீரம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

ஆரம்பநிலைக் கேன்யனில் சாவு. வழிகாட்டியோடு போய்ச் சாவு. தேர்ந்தவனுக்குப் பொறி. அப்ப அந்த மூன்று பெட்டியும் உங்களுக்கு என்ன உத்தரவாதம் தந்தது?

“அப்ப போகவே கூடாதா? வழிகாட்டி வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. காசு குடுத்து வழிகாட்டியோடு போறது கோழைத்தனம், தனியப் போறதுதான் சாகசம் என்று சொல்கிற கூட்டத்தோடும் எனக்குச் சண்டைதான். வழிகாட்டி வேணும். ஆனால் எதற்கு வேணும் என்பதில்தான் நாங்கள் ஏமாறுகிறோம். கயிறு கட்டத் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் அவருக்குக் காசு குடுப்பதில்லை. கயிறு கட்டுறது ஒரு கிழமையில பழகலாம். காலையில் வானம் நீலமாக இருக்கும்போது, அறுபது மைலுக்கு அங்காலே இருக்கிற மேகத்தைப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு இல்லை, திரும்புவம்” என்று பத்துப் பேரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் காசு.

அந்த ‘இல்லை’யைச் சொல்வது ஏன் கஷ்டம் என்று யோசியுங்கள். அங்கே இடிமழைக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை. விடுமுறைக் காலமும் அதுதான். ஓகஸ்டில்தான் ஐரோப்பாவும் கனடாவும் அங்கே வந்திறங்குகின்றன. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தவனுக்கு நாளைக்கு வேறு ஊரில் ஹோட்டல் புக்கிங். கனவழிகாட்டிகளுக்கு ட்ரிப் நடந்தால்தான் நாட்கூலி, ஆக்கள் சிரித்துக்கொண்டு திரும்பினால்தான் டிப்ஸ். ‘இல்லை’ என்று சொன்னால் மூன்று பேருக்கும் நட்டம். ‘ஓம்’ என்று சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

ஆகவே பிரச்சினை நல்ல வழிகாட்டி, கெட்ட வழிகாட்டி என்பதல்ல. ‘இல்லை’ சொன்னால் தண்டனை கிடைக்காத ஒரு ஏற்பாடு இருக்கா என்பதுதான் கேள்வி. அன்டிலோப்பில் 1997க்குப் பிறகு அந்தத் திசையில் வேலை நடந்தது. இன்றைக்கு அங்கே தனியாக யாரும் இறங்க முடியாது. உள்ளூர் வழிகாட்டியோடுதான் போகலாம். மர ஏணிக்குப் பதில் பாறையில் பூட்டிய இரும்பு ஏணி, வானிலை வானொலி, எச்சரிக்கை ஒலி. இன்ஸ்டாகிராம் வரிசை, தள்ளுமுள்ளு, ‘இயற்கையின் தனிமை’ இல்லை என்று ஆயிரம் முறைப்பாடு வரும். உண்மைதான், அங்கே தனிமை இல்லை. நான் அந்த வரிசையைத் தெரிவுசெய்வன்.

சயன் பூங்கா வேறு வழியில் போனது. அங்கே கேன்யன்களுக்குள் காசுக்கு வழிகாட்டுவதற்கு அனுமதி இல்லை. நிறுவனங்கள் பூங்காவுக்கு வெளியில் இருக்கிற கேன்யன்களுக்குத்தான் கூட்டிப் போகின்றன. உள்ளே போகிறவருக்கு அனுமதிச் சீட்டும் அன்றைய வெள்ள வாய்ப்பும் குடுத்து, முடிவு உங்களுடையது என்று விடுவார்கள். இதில் ஒரு நேர்மை இருக்கு என்று வாதாடலாம். ஆனால் முடிவெடுக்கத் தெரியாதவனிடம் முடிவைக் குடுப்பது சுதந்திரமா, கைகழுவலா? கீஹோலுக்குப் போன ஏழு பேரின் வீட்டுக்காரரிடம் போய் ‘சொந்தப் பொறுப்பு’ என்று சொல்லிப் பாருங்கள்.

மட்டம் பிரிப்பதே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நீந்தத் தெரியாத ஒருவரை நீச்சல் கேன்யனுக்குக் கூட்டிப் போகக்கூடாது. ஒரு குழுவின் வேகம் அதில் மெதுவான ஆளின் வேகம்தான், ஆகவே ஆக்களைப் பிரிக்கத்தான் வேணும். ஆனால் அது உங்களைப் பற்றிய தகவல். பாதுகாப்பைப் பற்றிய வாக்குறுதி அல்ல. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். நாங்களும் வாங்கிக்கொண்டு, அம்மாமாருக்கு “ஒண்டும் நடக்காது” என்று திருப்பி விற்கிறோம்.

மச்சானுக்கு நான் மூன்று கேள்வி எழுதி அனுப்பினன். புக் பண்ணின இடத்துக்குக் கோல் எடுத்துக் கேட்கச் சொல்லி. கடைசியா எப்ப, என்ன காரணத்துக்கு ட்ரிப்பை நிப்பாட்டினீங்கள்? வானிலையால நிப்பாட்டினா எங்கட காசு முழுக்கத் திரும்புமா, உங்கட வழிகாட்டிக்கு அண்டைக்குச் சம்பளம் கிடைக்குமா? உள்ளுக்குப் போனபிறகு வெள்ளம் வந்தா ஏறி நிக்கக்கூடிய இடங்கள் எங்க, எத்தனை?

இதுக்கு உடனே, தடுமாறாமல் பதில் சொல்கிற இடமாக இருந்தால் போகட்டும், நானும் படத்துக்கு லைக் போடுவன். “கவலைப்படாதீங்க, இது ஆரம்பநிலை ட்ரிப்” என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் காசு போனாலும் பரவாயில்லை, வேகஸிலேயே நிண்டு வாங்கோ எண்டு எழுதியிருக்கிறன்.

இரண்டு நீலக் கோடு விழுந்திட்டுது. பதில் இன்னும் வரேல்லை.