ஊர் கிரிக்கெட்டுக்கு எந்தப் பந்து?

பொங்கல் நெருங்கினாலே நம்ம அரியலூர், பெரம்பலூர் பக்கம் டோர்னமெண்ட் போஸ்டர் ஒட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

முதல் பரிசு எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை ஓவர் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும்.

எந்தப் பந்து என்பது மட்டும் ஓரத்தில் சின்னதாக இருக்கும். சில போஸ்டர்களில் அதுவும் இருக்காது.

ஒரு மருத்துவராக எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

ஆலத்தியூர் மாதிரி ஊர்களில் சாயங்கால கிரவுண்டைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வரும் அண்ணனும், ஏழாவது படிக்கும் தம்பியும் ஒரே டீமில் இருப்பார்கள். தரை கட்டாந்தரை. ஒரு பந்து முழங்காலுக்கு வரும், அடுத்த பந்து முகத்துக்கு வரும். ஹெல்மெட் யாரிடமும் இருக்காது.

இந்த இடத்தில் எந்தப் பந்து போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர்க் கடைகளில் கிடைப்பது மோட்டாவாக மூன்று வகை.

ஒன்று, சாதா டென்னிஸ் பால். எடை 56 முதல் 59 கிராம் வரை. உள்ளே வெறும் காற்று.

இரண்டு, ஹெவி பால் என்று கேட்டு வாங்கும் கிரிக்கெட் டென்னிஸ் பால். ரப்பர் தடிமனாக இருக்கும். பல பந்துகள் 100 கிராமைத் தாண்டும்.

மூன்று, கார்க் பால், ஸ்டிச் பால். ஆண்கள் ஆடும் முறையான கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். உள்ளே காற்று கிடையாது, முழுக்க கெட்டி.

இப்போ ஒரு சின்னக் கணக்கு.

மூன்றையும் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததாக வைத்துக்கொள்வோம். சாதா டென்னிஸ் பால் சுமந்து வரும் ஆற்றல் சுமார் 22 ஜூல். 120 கிராம் ஹெவி பால் என்றால் சுமார் 46. ஸ்டிச் பால் என்றால் 60-க்கும் மேல்.

வேகம் ஒன்றுதான். உங்கள் தாடை எலும்பு வாங்கும் அடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதோடு முடியவில்லை. காற்றடைத்த பந்து மோதும்போது தானே நசுங்கும். அடி பரந்து, கொஞ்சம் மெதுவாக இறங்கும். கெட்டிப் பந்து நசுங்காது. அதற்குப் பதிலாக நம்ம எலும்பு நசுங்கும்.

"அப்புறம் ஏன் டாக்டர் பசங்க ஹெவி பாலும் கார்க் பாலும் கேக்குறாங்க?"

இரண்டு காரணம். இரண்டுமே நியாயமான காரணம்தான்.

முதல் காரணம் தூரம். லேசான, ரோமம் வைத்த பந்தைக் காற்று சீக்கிரம் நிறுத்திவிடும். அதே அளவில் எடை கூடின பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். சாதா பாலில் பவுண்டரிக்கு முன்னாடி கேட்ச் ஆகிற அடி, ஹெவி பாலில் சிக்ஸ்.

இரண்டாவது காரணம் காசு. சாதா பால் சீக்கிரம் உடைந்துவிடும், இல்லை காற்று போய் சொத்தையாகிவிடும். ஒரு கார்க் பால் வாங்கினால் வாரக்கணக்கில் ஓடும். தினம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பந்து வாங்கும் பசங்களுக்கு இது பெரிய விஷயம்.

இங்கே கோல்ஃப் ஆட்டத்திலிருந்து ஒரு பாடம் சொல்கிறேன். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

அங்கேயும் "தூரம் போகும் பந்து" என்று மலிவு விலைப் பந்து விற்கிறார்கள். பெரிய ரப்பர் உருண்டை, மேலே கெட்டியான உறை, சுழற்சி குறைவு. ஆனால் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதாவது தூரத்துக்காக எடையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பொழுதுபோக்காக ஆடுகிறவருக்குப் பந்தை மாற்றுவதால் கிடைப்பது கொஞ்ச தூரம்தான். மட்டையின் நடுவில் ஒழுங்காகப் படுவதும், வீச்சின் வேகமும்தான் அதைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும்.

நம்ம ஊர் கிரிக்கெட்டில் அந்த எடை வரம்பைப் போட யாரும் இல்லை. அதை நாமேதான் போட வேண்டும்.

அதனால் என் கருத்தை நேரடியாகச் சொல்கிறேன்.

ஹெல்மெட் இல்லாத கிரவுண்டுக்கு சாதா டென்னிஸ் பால் போதும். பெரியவர்கள் மட்டும் ஆடினால் ஹெவி பால் பற்றி யோசிக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கலந்து ஆடும் இடத்தில் கார்க் பாலும் ஸ்டிச் பாலும் வேண்டவே வேண்டாம்.

"டென்னிஸ் பால்ல ஆடினா பெரிய கிரிக்கெட்டுக்குப் போக முடியாதே?"

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுப் பழகி, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக இறங்கினார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஸ்டிச் பாலில்தான் ஆடணும் என்றால் தாராளமா ஆடுங்க. ஆனால் பந்தின் விலையோடு ஹெல்மெட், எல் கார்டு, கிளவுஸ், பேட் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அப்போது கார்க் பால் மலிவா என்று தெரியும். இரண்டு பேட்ஸ்மேன், ஒரு கீப்பர், மொத்தம் மூன்று ஹெல்மெட். பல டீம் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் கமிட்டி வாங்கிவைக்க முடியாத செலவா இது? வாங்கும்போது பிஎஸ் 7928:2013 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்க.

பேட்ஸ்மேனுக்கு மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்காதீங்க. 1998 பிப்ரவரியில் டாக்காவில், ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற ராமன் லாம்பா தலையில் பந்து பட்டது. தானே நடந்துதான் மைதானத்தை விட்டு வெளியே போனார். மூன்று நாளில் இறந்துபோனார்.

"நல்லாத்தானே நடந்தான், நல்லாத்தானே பேசினான்" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவது ஏன் ஆபத்து என்பதற்கு அவர் கதையே போதும்.

அதனால் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டீம் குரூப்பில் போட்டு வையுங்க.

தலையில் அடிபட்டால்: அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழறின பேச்சு, வலிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. முதல் 24 மணி நேரம் தனியாக விடக் கூடாது.

கண்ணில் அடிபட்டால்: தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க. தாய்ப்பால், மூலிகைச் சாறு, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதுவும் விடாதீங்க. பேப்பர் கப்பின் அடிப்பாகத்தைக் கண்ணில் படாமல் மேலே வைத்து டேப் போட்டு, உட்கார்ந்த நிலையிலேயே கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்க. வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. மின்னல் மாதிரி ஒளி, கரும்புள்ளி, திரை விழுந்த மாதிரி பார்வை, இதெல்லாம் விழித்திரை கிழிந்ததன் அடையாளம். கண் அழுத்த நோய் பல வருடம் கழித்துக்கூட வரலாம். டென்னிஸ் பாலும் கண்ணைக் கெடுக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

பல் முழுதாக விழுந்தால்: வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்க. பால் பல் என்றால் திரும்பப் பொருத்த மாட்டார்கள்.

விரைப்பையில் அடிபட்டு ஒரு மணி நேரம் கழிந்தும் வலி, வீக்கம் குறையவில்லை என்றால்: வெட்கப்பட்டு மறைக்காதீங்க. இதில் நேரம் போனால் விரையே போய்விடும்.

நெஞ்சில் பந்து பட்டுப் பையன் சரிந்து, பேச்சு மூச்சு இல்லை என்றால்: தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீங்க. சரியாக ஒரு நொடியின் சிறு பகுதியில் விழும் அடி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். ஒருவர் 108-க்கு போன் போடட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக, ஆழமாக அழுத்தட்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. இது அபூர்வம்தான், ஆனால் பந்து கெட்டியாக ஆக ஆக இந்த ஆபத்தும் கூடும்.

கிரிக்கெட்டை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. சாயங்காலம் போனைத் தூக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகள் ஓடி ஆடுவதைவிட நல்ல மருந்து என் கையில் கிடையாது.

டோர்னமெண்ட் நடத்தும் அண்ணன்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்குப் போஸ்டர் அடிக்கும்போது, என்ன பந்து, எவ்வளவு எடை, ஹெல்மெட் கட்டாயமா என்பதைப் பரிசுத் தொகை போடும் அதே பெரிய எழுத்தில் போடுங்க.

பவுண்டரி தூரமாக இருந்தால் கயிற்றைப் பத்து அடி உள்ளே இழுத்துக் கட்டுங்க. சிக்ஸும் போகும், பையனும் முழுசா வீட்டுக்குப் போவான்.