அஞ்சலியும் கடனும்

காலஞ்சென்ற பொதுஜன ஊழியர்களின் பெயர்களை அக்கிராசனர் வாசிப்பதும், அங்கத்தினர் யாவரும் எழுந்து சிறிது நேரம் மௌனமாக நிற்பதும் நமது பார்லிமெண்டின் நெடுநாளைய சம்பிரதாயமாகும். மகாத்மா மறைந்த மூன்றாம் நாள், 1948 பிப்ரவரி 2-ந் தேதி, பண்டித நேரு அரசியல் நிர்ணய சபையில் அஞ்சலி செலுத்தியதைத் தேசம் மறவாது. இச்சம்பிரதாயம் உயர்ந்தது, நீடிக்க வேண்டியது. ஆனால் மௌனம் கலைந்து அங்கத்தினர் அமர்ந்த பின்னர் யாது நடைபெறுகிறது என்பதே நமது கேள்வி.

இறந்தவருக்கு நமது புகழுரையால் ஆவது ஒன்றுமில்லை. எழுந்து நிற்கும் சபை, அந்த நிமிஷத்தில் ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறது. அக்கடனைத் தீர்த்தாலன்றி அஞ்சலி பூர்த்தியாவதில்லை.

இதற்குத் தமிழ்நாட்டின் சரித்திரமே சான்று. இந்த ராஜ்யத்திற்குத் தமிழ்நாடு என்ற பெயர் வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுடன் விருதுநகர்த் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ந் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ந் தேதி உயிர் துறந்தார். அவர் மந்திரியுமல்லர், சட்டசபை அங்கத்தினருமல்லர். நமது காஞ்சியின் புதல்வராகிய அறிஞர் அண்ணாதுரை 1962-ல் இவ்வூர்த் தேர்தலில் தோல்வியுற்று, அவ்வாண்டே ராஜ்ய சபை சென்றார். 1963-ல் பெயர் மாற்றத்திற்கான மசோதா அங்கு வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார், மசோதா தோற்றது. எனினும் 1967 ஜூலை 18-ந் தேதி, அவரே முதல் மந்திரியாக இருந்து கொணர்ந்த தீர்மானம் சென்னைச் சட்டசபையில் ஏகமனதாக நிறைவேறிற்று. 1969 ஜனவரி 14-ந் தேதி பெயர் மாறியது. இருபது நாட்களில் அண்ணாவும் மறைந்தார். சங்கரலிங்கனாருக்கு உண்மையான அஞ்சலி அந்தத் தீர்மானமே என்போம்.

எளியவர்களைப் பார்லிமெண்டு நினைப்பதே இல்லை என்று நாம் கூறவில்லை. 2001 டிசம்பர் 13-ந் தேதி பயங்கரவாதிகள் அதன் வளாகத்தினுள் புகுந்தபோது ஒன்பது பேர் மாண்டனர். காவலர்களுடன் ஒரு தோட்டக்காரரும் அவர்களில் ஒருவர். மந்திரிகளும் எதிர்க்கட்சித் தலைவர்களும் ஆண்டுதோறும் அவர்கள் படங்களுக்கு மலர் தூவுகின்றனர். இது மிகவும் முறையானது. ஆயின் அச்சுவர்களுக்கு வெளியே பொதுஜன சேவையில் மாள்வோர் கதி என்ன?

கழிவுநீர்க் குழிகளில் இறங்கி, நச்சு வாயுவால் மூச்சடைத்து மாளும் தொழிலாளரையே குறிப்பிடுகிறோம். நகரத்தின் சுகாதாரத்தைக் காப்பவர்கள் இவர்கள். ஒப்பந்தக்காரர்களின் கீழ் வேலை செய்வதால் பலர் சர்க்கார் சிப்பந்திகளாகக்கூட எண்ணப்படுவதில்லை.

இது நகரசபைகளின் விஷயம், பார்லிமெண்டுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதரைக் குழியில் இறக்கலாகாது என்று 2013-ல் சட்டம் இயற்றியது அந்தப் பார்லிமெண்டே அல்லவா? இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் அளிக்கும்படி 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023-ல் அதையே முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் இருந்தும் சாவுகள் நிற்கவில்லை. தான் இயற்றிய சட்டம் மீறப்பட்டதனால் மாண்டவன் பெயரை அறிய வேண்டிய கடமை அச்சபைக்கு உண்டு.

காஞ்சிவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புடவையின் உடலையும் கரையையும் கோர்வையிட்டுப் பிணைக்க, நெசவாளி அருகில் ஒரு துணைக்கை வேண்டும். புடவையை உடுத்துவோரை ஊர் பார்க்கும். அந்தத் துணைக்கையின் பெயரைக் கேட்பார் எவருமில்லை. ஆயினும் அது இல்லையேல் கரை நில்லாது.

நாம் வேண்டுவது அதிகமன்று. ஒவ்வொரு கூட்டத் தொடரின் துவக்கத்திலும், மறைந்த அங்கத்தினர் பெயர்களுடன், குழிகளில் மாண்டோரின் பெயரும் ஊரும் வாசிக்கப்படட்டும். சபை அவர்களுக்காகவும் எழுந்து நிற்கட்டும். அமர்ந்ததும், யார் மீது வழக்குத் தொடரப்பட்டது, எந்தக் குடும்பத்திற்குப் பணம் சேர்ந்தது என்று பொறுப்புள்ள மந்திரி கணக்குச் சொல்லட்டும். இதற்காகும் நேரம் அரைமணிக்கும் குறைவே. காஞ்சிபுரம் தொகுதியின் அங்கத்தினர் இக்கோரிக்கையை முதலில் எழுப்புவாராயின், அண்ணாவைப் பெற்ற ஊருக்கு அது பெருமையாகும்.